வரிப் பாக்கி 300: நெல்லைச் சீமையில் இரண்டு பையன்களை வைத்து ஒரு குறும்படம் எடுப்பது எப்படி?

"ஏழை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், அவர்கள் சிநேகம், ஒரு கனவு. 12 நிமிடக் குறும்படம். சேரன்மகாதேவி, முக்கூடல் வட்டாரத்தில் எடுக்கலாம் என்று எண்ணம். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. எங்கே தொடங்குவது, எது எது சொதப்பும்?" என்பது கேள்வி.

கேமராவை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கணக்கு நோட்டை எடுங்கள். இந்த மாதிரிக் கதைகள் பெரும்பாலும் கவிழ்வது வறுமையை முகத்தில் காட்டப் போய்த்தான். கிழிந்த சட்டை, அழுக்குக் கன்னம், சோகப் புல்லாங்குழல். பார்ப்பவர் இரண்டாம் நிமிடத்திலேயே "பாவம்" என்று சொல்லி முடித்துவிடுவார், மிச்சம் பத்து நிமிடத்துக்கு அவருக்கு வேலை இல்லை. வறுமை என்றால் இத்தனை ரூபாய், இந்தக் கிழமைக்குள், இல்லாவிட்டால் இன்னது நடக்கும். அந்த மூன்றும் திரையில் தெளிவாக இருந்தால் பையன் சிரித்துக்கொண்டே இருந்தாலும் வயிறு பிசையும். கனவுக்கும் ஒரு விலை இருக்கட்டும், அந்த விலையும் படத்தில் தெரியட்டும்.

இன்னொரு தப்பு, பழைய காலத்து வறுமையை இன்றைய பையன் மேல் ஏற்றுவது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பையனுக்குச் சீருடை, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கிறது. சத்துணவு 1982 முதல் இருக்கிறது. காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆகவே பட்டினியோடு வகுப்பில் மயங்கி விழும் காட்சியை எழுதினால் ஊர்க்காரரே சிரிப்பார். ஆனால் காலை உணவு 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். ஒரே நடுநிலைப் பள்ளியில் 5ஆம் வகுப்புப் பையன் தட்டோடு உட்கார்ந்திருக்க, போன வருஷம் வரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட 6ஆம் வகுப்பு சிநேகிதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எந்த வசனமும் இல்லாமல் உங்கள் முதல் காட்சி அதிலேயே கிடைக்கிறது. எடுப்பதற்கு முன் அப்போதைய நடைமுறை என்ன என்று தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கதையை ஒரு மாதிரிக்குப் போட்டுக் காட்டுகிறேன், வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். இசக்கிமுத்து 5ஆம் வகுப்பு, பேச்சிமுத்து 6ஆம் வகுப்பு. ஆடி மாதம், ஊரில் அம்மன் கொடை, அதாவது கோயில் திருவிழா. பந்தல்கால் நாட்டியாகிவிட்டது, கொடைக்கு எட்டு நாள். இரண்டு பேருக்கும் வில்லுப்பாட்டில் குடம் அடிக்க ஆசை. "சொந்தக் குடம் கொண்டாந்தா ஓரமா உக்காந்து அடில" என்று குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார். குடம் காருக்குறிச்சியில் கிடைக்கும், விலை 300 என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வேப்பமுத்து பொறுக்கிக் கடையில் போட்டுப் பவுடர் டப்பாவில் காசு சேர்க்கிறார்கள். இந்தப் பக்கம் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும் என்பதால் பருவமும் பொருந்துகிறது. பேச்சிமுத்து வீட்டில் கொடைக்கான தலைக்கட்டு வரியில், அதாவது வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் பணத்தில், பாக்கி நிற்கிறது. அதுவும் 300. அம்மா பீடி சுற்றுகிறவர், 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு 40 கட்டு. அந்த வாரம் பீடிக் கடையில் சில கட்டுகளைச் சரியில்லை என்று கழித்துவிட்டார்கள், கூலி குறைந்துவிட்டது. வரி கட்டியவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். கொடையன்று பேச்சிமுத்துவின் அப்பா பெயரும் வாசிக்கப்படுகிறது. டப்பா காலி. குடம் இல்லை.

இதில் இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று, டப்பாவில் இருந்தது இருவரின் காசு, இருவருக்கும் ஆசை, ஆனால் உட்கார ஒரு இடம்தான். எனவே நடுவில் ஒரு சண்டை வேண்டும். யார் நன்றாக அடிக்கிறான் என்ற பொறாமை, ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது. தோளில் கை போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கும் காட்சி எத்தனை வைத்தாலும் சிநேகம் தெரியாது. சண்டைக்கு மறுநாள் அதே வேப்பமரத்தடிக்கு இருவரும் வருவதில் தெரியும். இரண்டாவது, இசக்கிமுத்து வரியைக் கட்டும் காட்சியை எடுக்காதீர்கள். மைக்கில் பெயர் வரும்போது பேச்சிமுத்து புரிந்துகொள்கிற நேரத்திலேயே பார்ப்பவருக்கும் புரிய வேண்டும். அதற்கு 300 என்ற எண் முன்னால் குறைந்தது மூன்று முறை காதில் விழுந்திருக்க வேண்டும்: குடக்கடையில், வீட்டில் அப்பா அம்மா வாக்குவாதத்தில், டப்பாவை எண்ணும்போது.

வசனம் குறைவாக, நம்ம பக்கத்துப் பேச்சாகவே இருக்கட்டும். எழுதும்போது சென்னைத் தமிழ் நைசாக நுழையும், வினைச்சொல்லில்தான் முதலில் பிடிபடும். "சொல்றேன், நிக்கிறான்" இல்லை, "சொல்லுதேன், நிக்கான்". பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது "வந்திருக்காவ, கேக்காவ". பையன்களுக்குள் "ஏல", "வால" சரி. அதையே கடைக்காரரிடம் சொல்ல மாட்டான், அங்கே "அண்ணாச்சி"தான். எல்லா வாக்கியத்திலும் "ல" போட்டால் மிமிக்ரி மாதிரி ஆகிவிடும். வசனத்தைப் பையன்களிடம் மனப்பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். "அவன் டப்பாவைத் திறக்க விடமாட்டேங்கான், நீ என்ன சொல்லுவ?" என்று நிலைமையைச் சொல்லிவிட்டு, அவர்கள் வாயில் வருவதிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

பையன்களை அந்த ஊர்ப் பள்ளியிலேயே தேடுங்கள். தனித்தனியாக நடிக்கச் சொல்லிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரு வேலை கொடுங்கள்: ஒரு குடம் தண்ணீரை இருவரும் சேர்த்துத் தெருமுனை வரை சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். யார் பொறுப்பெடுக்கிறான், யார் சலிக்கிறான், சிந்தினால் யார் யாரைத் திட்டுகிறான் என்பதில் உங்கள் பாத்திரங்கள் தானாக வந்து நிற்பார்கள். பிறகு பத்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பழக்கம். முதல் ஐந்து நாள் கேமராவை ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள், அது இருப்பதே மறந்துபோகட்டும். அழுகைக் காட்சிக்காகத் திட்டுவது, அடிப்பது, அம்மாவைப் பற்றிப் பயமுறுத்துவது எதுவும் கூடாது. இந்தக் கதைக்கு அழுகையே தேவையில்லை.

எடுக்கும் தேதிகளுக்கு இடையில் வீட்டில் வேண்டுதல் ஏதும் இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள். திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து நின்றால் பாதிப் படம் போய்விடும். பால்பல் விழும் வயதும் இதுதான், ஆடிக்கொண்டிருக்கும் பல் இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதை நெருங்கும் பையனுக்குக் குரல் சில மாதத்தில் உடையலாம், "டப்பிங்கில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டால் வேறு குரல் வந்து நிற்கும். ஒலியை அங்கேயே பிடித்துவிட வேண்டும்.

சட்டப் பக்கம் பலரும் கவனிக்காமல் விடுவது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் 2017 விதிகளும் குழந்தைக் கலைஞர்களுக்கு வழிவிடுகின்றன, ஆனால் நிபந்தனையோடு. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். பையனின் ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதம் அவன் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். விண்ணப்பத்தை ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். பள்ளி வளாகத்துக்கு முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி தனி. பீடிக் காட்சியில் பையன் கையில் நிஜப் புகையிலைத் தூள் படவே கூடாது. காய்ந்த இலையைப் பொடித்துத் தட்டில் போட்டால் கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகாயக் காட்சிக்கு டிரோன் ஆசை இருந்தால் விட்டுவிடலாம். இந்த மாவட்டத்தில் கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படைத் தளம் என்று தடைப் பகுதிகள் உண்டு. அதைவிட முக்கியம், இந்தக் கதை தரையில் வேப்பமுத்து பொறுக்குகிற உயரத்தில் நடக்கிறது, மேலே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை.

நாள் கணக்கு இப்படி வரும். இரண்டு சனி, ஞாயிறு, ஆக 4 நாள், பள்ளி கெடாது. நாளுக்கு காலை 7 முதல் 9:30, மாலை 3:30 முதல் 5:30, மொத்தம் நாலரை மணி. 4 நாளுக்கு 18 மணி நேரம், அதாவது 1,080 நிமிடம். 60 ஷாட் என்றால் ஷாட்டுக்கு 18 நிமிடம் கிடைக்கும், அது தாராளம். 120 ஷாட் எழுதினால் 9 நிமிடம்தான், பையன்களை வைத்து அது நடக்காது. ஷாட்டைக் குறையுங்கள், இடங்களை நாலுக்குள் வையுங்கள்: பள்ளி, வேப்பமரத்தடி, பேச்சிமுத்து வீடு, கோயில் முற்றம். இவை போகக் குடக்கடையை ஒரு காலையில் முடித்துவிடலாம்.

வெயிலைப் பற்றி ஒரு தகவல். ஆடியில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 12:25 வாக்கில். அப்போதும் நேர் தலைக்கு மேல் நிற்காது, வடக்கே சற்றுச் சாய்ந்திருக்கும். எனவே நடுப்பகலில் ஒரு ஷாட் எடுத்தே ஆகவேண்டும் என்றால் வீட்டின் தென்புறச் சுவரோரம் நிழல் இருக்கும், அங்கே நிறுத்துங்கள். மாலைப் பொன்வெயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். மேற்கே பொதிகை மலை நிற்கிறது, இந்தப் பருவத்தில் பாதி நாள் மேகம் மூடியிருக்கும், சூரியன் கடிகாரம் சொல்லும் நேரத்துக்கு முன்பே மறைந்துவிடும். சாய்வெயில் வேண்டிய காட்சிகளைக் காலையில் வையுங்கள்.

வீட்டுக்குள் வெளிச்சம் போட லைட் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. ஓட்டு வீடு என்றால் உரிமையாளர் சம்மதத்தோடு இரண்டு ஓட்டை விலக்குங்கள், பீடித் தட்டின் மேல் நேராக ஒரு வெளிச்சம் விழும். அது கடுமையாக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டினால் மெத்தென்று ஆகிவிடும். எடுத்து முடித்ததும் ஓட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள், ஆடிச் சாரல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ட்யூப் லைட் எரியும் அறையில் போனில் எடுத்தால் படம் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேமில் ஓடும், அதுதான் காரணம். தனி கேமரா செயலி போட்டு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். வெளியில் அதே 1/50 வைத்தால் வெயிலில் வெளுத்துவிடும், போனுக்கு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) ஒன்று அவசியம்.

பணமும் கவனமும் அதிகம் போக வேண்டியது ஒலிக்கு. ஆடிக் காற்று மைக்கில் அடித்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. மைக்குக்கு ரோமக் கவசம் கட்டாயம், மைக் பிடிக்கிறவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு, சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சூழலைப் பதிவு செய்யுங்கள், எடிட்டில் ஒட்டுப்போட அதுதான் துணி. ஊர் தேர்வு செய்யும்போதே சுற்றுவட்டத்தில் எங்கெங்கே எப்போது கொடை என்று விசாரித்துவிடுங்கள். பக்கத்து ஊரில் குழாய் ஒலிபெருக்கி கட்டினாலும் மூன்று நாள் ஒலி வேலை நடக்காது.

குடத்தின் ஓசை இந்தப் படத்தின் உயிர், அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. குடத்து வாயில் பத்தியால் (குடம் அடிக்கும் மட்டை) அடிக்கும்போது உள்ளிருந்து காற்று குப்பென்று வெளியே தள்ளும். மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் அந்தக் காற்று அடித்து ஓசை உடையும். ஒரு முழம் தள்ளி, வாய்க்குப் பக்கவாட்டில் வையுங்கள். அடியில் "கும்" என்று வரும் கனத்தைப் போனின் சின்ன மைக் தின்றுவிடும், தனி ரெக்கார்டர்தான் வேண்டும். வில்லின் மணிகளோ நேர்மாறு, கூராகக் குத்தும். வில், குடம், உடுக்கை மூன்றையும் ஒரே மைக்கில் பிடிக்கப் பார்த்தால் மணி மட்டும்தான் கேட்கும். கொடை முடிந்த பிறகு குழுவை ஒரு அமைதியான தோப்பில் உட்கார வைத்துக் குடத்தைத் தனியாக ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பையன்கள் பழகும் காட்சியில் நிஜக் குடம் இல்லை. விளிம்பு உடைந்த பழைய பானையும், பத்திக்குப் பதில் வெட்டிய ரப்பர் செருப்பின் அடியும். அந்த ஓசை மொட்டையாக, எதிரொலி இல்லாமல் இருக்கும். நிஜக் குடத்தின் ஓசையைப் பார்ப்பவர் படத்தில் முதன்முதலாகக் கேட்பது கடைசிக் காட்சியில்தான் என்று வைத்துக்கொண்டால் பின்னணி இசையே தேவைப்படாது. டீக்கடையில் ஓடும் சினிமாப் பாட்டு ஒலியில் புகுந்தால் உரிமைச் சிக்கல் வரும், ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள்.

கொடைக் காட்சியைச் செட் போட்டு எடுக்க 60 ஆயிரம் போதாது, நிஜக் கொடையில்தான் எடுக்க வேண்டும். சாமக்கொடை கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் இரவு, ஜெனரேட்டர் இரைச்சல், தூக்கக் கலக்கத்தில் பையன்கள். மதியக் கொடையை எடுத்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சம் இலவசம். கொடையன்று கூட்டம், பந்தல், வில்லுப்பாட்டு இவற்றை மட்டும் எடுத்துவிட்டு, பையன்கள் இருக்கும் ஷாட்டுகளைப் பந்தல் பிரிக்கும் முன் அடுத்த விடுமுறை நாளில் அதே இடத்தில் எடுப்பது உசிதம். பந்தல்காரரிடமும் கமிட்டியிடமும் இதை முன்கூட்டியே பேச வேண்டும். சாமியாடுகிறவர்களின் முகத்துக்கு அருகே கேமராவைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே அனுமதி என்பது கமிட்டி கொடுத்த கடிதத்தோடு முடிகிற விஷயமில்லை. மைக்கில் பெயர் வாசிக்கும் குரலைத் தனியாகப் பதிந்து, நிஜக் குழாய் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, 50 மீட்டர் தள்ளி நின்று மறுபடி பிடியுங்கள். கம்ப்யூட்டர் எஃபெக்டில் அந்தக் கரகரப்பு வராது.

கொடை எந்தச் சமுதாயத்தின் கோயிலில் நடக்கிறது என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. இரண்டு பையன்களும் ஒரே தெருவா, வேறு தெருவா என்பதை எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். வேறு தெரு என்றால் கதையே வேறு, வரிக் கணக்கும் வேறு, அதை மழுப்பி எடுக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, சாதி அடையாளமாக மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் தடை செய்யச் சொன்னது. உடைப் பொறுப்பாளர் அழகுக்கு என்று பையன் மணிக்கட்டில் ஒரு கலர் கயிறு கட்டிவிட்டால், நெல்லைக்காரர் கண்ணுக்கு அது வேறு கதை சொல்லும். படப்பிடிப்புக்கு வரும் கூட்டத்துப் பையன்களின் கைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம். சாப்பாடு 12 பேருக்கு 4 நாள், தலைக்கு 250 வீதம் 12,000. போக்குவரத்து 5,000. டிரைபாட், ஃபில்டர் வாடகை 5,000, கேமராவாக உங்கள் போனே இருக்கட்டும். ஒலிக்கருவி வாடகையும் கடைசி மிக்ஸிங்கும் 11,000. பையன்களுக்கு ஆளுக்கு 5,000 வீதம் 10,000, அதில் ஆயிரம் ஆயிரம் வைப்புக்குப் போகும். வில்லுப்பாட்டுக் குழுவுக்கு 5,000, இதில் பேரம் வேண்டாம். கலைப்பொருளும் இரண்டு காப்பி எடுத்து வைக்கச் சேமிப்பு டிரைவும் 6,000. கூட்டினால் 54,000. மிச்சம் 6,000ஐத் தொடாதீர்கள், மழைக்கு ஒரு நாள் போனால் அதுதான் ஐந்தாம் நாள். அன்றன்று எடுத்ததை அன்று இரவே இரண்டு டிரைவிலும் ஏற்றி, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வையுங்கள்.

எடிட்டில் அதிகம் சொல்ல இல்லை. முதல் வெட்டு 17, 18 நிமிடம் வரும். வெட்ட வேண்டியது நடக்கிற காட்சிகளையும் மலையையும் ஆற்றையும்தான், பணம் எண்ணும் காட்சியில் கை வைக்க வேண்டாம். முடிந்ததும் உடனே யூடியூபில் போட்டுவிடாதீர்கள். முன்பே இணையத்தில் வந்த படத்தைச் சில திரைவிழாக்கள் சேர்ப்பதில்லை, திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட, குறும்பட விழா போன்றவற்றின் விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆங்கில சப்டைட்டிலை இந்தப் பேச்சு தெரிந்தவர் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். பெயர் அட்டையில் பையன்களின் பெயர் போதும், ஊர், பள்ளி, வகுப்பு விவரம் வேண்டாம். வெளியிட்ட பிறகு பின்னூட்டங்களில் வந்து யாராவது அவர்கள் வீட்டு முகவரியும் வங்கி எண்ணும் கேட்பார்கள், உதவி செய்யத்தான். கொடுக்காதீர்கள். அப்படி வரும் உதவியைப் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் கேட்டு அவர்கள் சொல்கிற வழியில் மட்டும் சேர்ப்பியுங்கள்.